சட்டை முதுகில் ஒரு துளை

என் அண்ணன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் ஓடினார். அந்த ஒரு தடவையும் அவர் ஓடவே இல்லை என்று அரசாங்கம் விசாரணை வைத்து, சாட்சிகளைக் கேட்டு, அறிக்கை எழுதி முடிவு செய்துவிட்டது.

அண்ணனுடையது ஓடுகிற உடம்பு அல்ல. கொப்பரைக் கடையில் எடை போடுகிற வேலை அவருக்கு. தராசுக்குப் பக்கத்தில் அவர் நின்றால், அங்கே எதை எடை போடுகிறார்கள் என்று வந்தவர்களுக்கே சந்தேகம் வரும். சர்ச் பாடகர் குழுவில் கட்டைக் குரல் அவருடையது. எல்லோரும் பாடி முடித்து உட்கார்ந்த பிறகு அவருடைய ஆமென் மட்டும் தனியாக, நிதானமாக வந்து சேரும். அப்பா எப்போதோ இறந்துபோய்விட்டார். வீட்டில் அம்மா, அண்ணன், நான். பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்.

எல்லைப் போராட்டம் மும்முரமாக இருந்த வருடங்கள் அவை. எங்கள் தாலுகா தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஒரு கட்சி, திருவிதாங்கூரை விட்டு ஒரு பிடி மண்கூடப் போகக்கூடாது என்று இன்னொரு கட்சி. எங்களுக்கு வீட்டில் தமிழ், சர்க்கார் கச்சேரியில் மலையாளம், ஜெபத்தில் தமிழ், மீன்காரியிடம் இரண்டும். திட்டுவதற்கு மட்டும் எது முதலில் வாயில் வருகிறதோ அது. நான் அப்போதுதான் மிஷன் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். எல்லை விஷயத்தில் எனக்குச் சூடான அபிப்பிராயங்கள் உண்டு. வெளியே சொன்னால் வேலை போகும் என்பதால் அவற்றையெல்லாம் அண்ணனிடம் கொட்டுவேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, எல்லையை எங்கே போட்டாலும் கொப்பரைக்கு எடை ஒன்றுதான் என்பார். இப்படிப்பட்ட ஆளைத்தான் போலீஸ் பயங்கரப் போராட்டக்காரன் என்று கண்டுபிடித்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த தேங்காய், பலாப்பழம், மரச்சீனிக் கிழங்கு, சில சமயம் உயிருள்ள கோழி, எல்லாவற்றையும் முற்றத்தில் வைத்து ஏலம் கூறுவார்கள். கடவுளுக்குக் கொடுத்ததைக் கடவுளிடமிருந்து நாமே திரும்ப வாங்கிக்கொள்கிற நல்ல ஏற்பாடு. அன்று அண்ணன் ஒரு ஏத்தன் வாழைக்குலையைப் பிடித்தார். பக்கத்து வீட்டுக்காரரோடு போட்டி போட்டு, வீம்புக்கு விலையை ஏற்றிப் பிடித்த குலை. வெள்ளைச் சட்டை கசங்காமல் இருக்கத் தோளில் துண்டை விரித்து, அதன்மேல் குலையைத் தூக்கி வைத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்திருக்கலாம். ஊரெல்லாம் குலையைப் பார்க்கவேண்டும் என்று சந்தை முக்கு வழியாகச் சுற்றி வந்தார்.

முக்கில் போராட்டக்காரர்களின் கூட்டம். வழியை அடைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். குலையோடு உள்ளே நுழையவும் முடியாமல், திரும்பவும் மனமில்லாமல் அண்ணன் ஓரமாக நின்றார். அப்போதுதான் போலீஸ் லாரி வந்தது. உள்ளூர்ப் போலீஸ் அல்ல, வடக்கேயிருந்து கொண்டுவந்து இறக்கியிருந்த போலீஸ். லத்தியோடு குதித்தார்கள். கூட்டம் நாலாபக்கமும் சிதறியது. அண்ணன் மட்டும் நின்றார். ஒரு குற்றமும் செய்யாதவன் ஏன் ஓடவேண்டும் என்று நினைத்தாராம். முதல் லத்தி பக்கத்தில் நின்ற கிழவரின் மேல் விழுந்ததும் அந்தக் கொள்கையைக் கைவிட்டார். குலையைக் கீழே போட்டுவிட்டு பக்கத்தில் மரச்சீனி பயிரிட்டிருந்த விளைக்குள் ஓடினார்.

பின்னால் வெடிச் சத்தம் கேட்டது. யாரோ முதுகில் கல்லால் எறிந்த மாதிரி இருந்தது என்றுதான் அவர் கடைசிவரை சொன்னார். திரும்பிப் பார்த்து, ‘எலே, யாருலே எறிஞ்சது’ என்று கேட்டிருக்கிறார். கேட்ட பிறகுதான் விழுந்திருக்கிறார்.

குண்டு வலது தோளின் பின்பக்கமாக நுழைந்து, உள்ளே எலும்பை உடைத்துக்கொண்டு, முன்பக்கம் காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வந்து நின்றுவிட்டது. வெளியே வரவில்லை. பெரியாஸ்பத்திரியில் டாக்டர் முன்பக்கத்தைக் கீறி அதை எடுத்தார். அண்ணன் பிழைத்தார். ஆனால் பின்பக்கம் குண்டு போட்ட தழும்பு, முன்பக்கம் டாக்டர் போட்ட தழும்பு என்று இரண்டாகிவிட்டது. தோளிலிருந்து ஒரு குண்டு எடுக்கப்பட்டது என்று டாக்டர் குறிப்பெழுதினார். அது எந்தப் பக்கமாக உள்ளே போனது என்பதை எழுதவில்லை. எழுதாத கைக்கு எங்கேயோ தூரத்தில் ஒரு நல்ல ஆஸ்பத்திரிக்கு மாற்றம் கிடைத்தது.

கட்டிலில் கிடக்கும்போதே அண்ணனைக் கைது செய்தார்கள். பிராதைப் படித்துக் காட்டியபோது அது வேறு யாரையோ பற்றியது என்று நினைத்தோம். அதில் அண்ணன் சிறுத்தையைப் போல் பாய்கிறார். கையில் கனமான தடியை ஓங்கிக்கொண்டு இன்ஸ்பெக்டரின் மண்டையைக் குறிவைத்து வருகிறார். எச்சரிக்கிறார்கள், கேட்கவில்லை. ஆகாயத்தை நோக்கிச் சுடுகிறார்கள், அடங்கவில்லை. வேறு வழியில்லாமல், உயிரைக் காத்துக்கொள்ள, மிகுந்த மனவருத்தத்தோடு ஒரே ஒரு குண்டு. கொலை முயற்சி என்று வழக்கு. நிரூபணமானால் வருடக்கணக்கில் ஜெயில். கையை உயர்த்தித் தலை வாரக்கூட முடியாமல் கிடந்த மனுஷனுக்கு.

போராட்ட வழக்குகளையெல்லாம் நடத்திக்கொண்டிருந்த வக்கீல் ஒருவர் வந்தார். வெற்றிலையை மென்றுகொண்டே பேசுகிறவர். நான் டீச்சர் தோரணையில் அவரைக் கேள்வி கேட்டேன். ஓடுகிறவனைச் சுடலாமா, சட்டம் அதை ஒத்துக்கொள்கிறதா என்று. அவர் எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்து சொன்னார்:

“ஓடுறவன சுடப்பிடாது பிள்ளே. அதுகொண்டாக்கும், சுட்டு விழுந்தவன் ஒருத்தனும் ஓடினதா அவனுவ எழுத மாட்டானுவ.”

பார்த்தவர்கள் சாட்சி சொல்லலாமே என்றேன். பார்த்தேன் என்று சொல்கிறவன் அங்கே இருந்தேன் என்றும் சொன்னவனாகிறான், அங்கே இருந்தவன் மேலெல்லாம் வழக்கு இருக்கிறது என்றார். அதுவுமில்லாமல் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஓடுகிறவனுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. சுட்டவர்களுக்கு மட்டும்தான் நன்றாகத் தெரிந்தது.

அப்போது அரசாங்கம், துப்பாக்கிச் சூட்டைப் பற்றி விசாரணை நடத்தப்போவதாக அறிவித்தது. விசாரணையில் அண்ணன் ஓடியது நிரூபணமானால் கொலை முயற்சி வழக்கு தானாகவே படுத்துவிடும் என்றார் வக்கீல். அவர் நம்பியிருந்தது சட்டையை. குண்டு பட்டபோது அண்ணன் போட்டிருந்த சட்டையில் துளை முதுகில் மட்டும் இருக்கும். குண்டு வெளியே வராததால் முன்பக்கம் துளையே இருக்காது. டாக்டரை மாற்றலாம், சட்டையை மாற்ற முடியாது. ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த சட்டையை அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். விசாரணைக்கு அதுதான் உயிர், பத்திரமாகக் கொண்டுவாருங்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வக்கீல் போய்விட்டார். எங்கள் சபைப் பெண்களிடம் ஒரு துணியைப் பத்திரமாகக் கொண்டுவரச் சொன்னால் என்ன நடக்கும் என்பது பாவம் அவருக்குத் தெரியாது.

அம்மா, மிஷன் வளாகத்தில் வெள்ளைக்கார மதாம்மாமார் நடத்திய தையல் பள்ளியில் படித்தவள். லேஸ் பின்னுவதிலும் கிழிசல் அடைப்பதிலும் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. எங்கள் வீடுகளில் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் துணிப் பரிசோதனை. மறுநாள் சர்ச்சுக்குப் போடவேண்டிய உடுப்பை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள். துணியில் ஒரு பொத்தல் இருந்தால் அது ஆத்துமாவில் இருக்கிற பொத்தல் என்று மதாம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள். ஒன்றுமில்லாத வீடுகளிலிருந்து வந்து வேதத்தில் சேர்ந்தவர்கள் எங்கள் முன்னோர்கள். மேல்சட்டை போடும் உரிமைக்கே அடிவாங்கிய ஜனம். போட்ட சட்டை கிழிந்திருக்கக்கூடாது என்பது எங்களுக்குப் பத்துக் கட்டளைகளுக்கு அடுத்தது.

எனவே அம்மா சட்டையைப் பத்திரப்படுத்தினாள். இரத்தக் கறை போகும்வரை ஊறவைத்துத் துவைத்தாள். சட்டையின் உள்விளிம்பிலிருந்தே நூலை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, அந்த நூலால் துளையை அடைத்தாள். ஊடும் பாவுமாக, நெய்த மாதிரி. அதே துணியின் நூல் என்பதால் நிறத்திலும் வித்தியாசம் கிடையாது. பிறகு நீலம் முக்கி, கஞ்சி போட்டு, சிரட்டைக்கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, பைபிளுக்கு அடியில் வைத்தாள். நான் பள்ளிக்கூட விடுதியில் தங்கியிருந்த வாரம் அது. வந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மாவுக்கு என்மேல்தான் கோபம்.

“கச்சேரி ஏறப்போற சட்டையாக்கும். பொத்தலோட கொண்டுபோனா அம்மைக்காரி செத்துப்போனாளோண்ணு கேக்க மாட்டாவளா?”

அவளை ஒன்றும் சொல்ல முடியவில்லை. மகனைச் சுட்டார்கள். அவளால் டாக்டராகி எலும்பைச் சேர்க்க முடியாது. வக்கீலாகி வாதாட முடியாது. கைக்குத் தெரிந்ததை அவள் செய்தாள். எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு நல்ல வேலையாக அதைச் செய்திருக்க வேண்டாமே என்றும் வந்தது.

விசாரணை, அதிகாரிகள் வந்தால் தங்குகிற முசாவரி பங்களாவில் நடந்தது. விசாரணை அதிகாரி முதிர்ந்தவர், கண்ணியமானவர், சாப்பாட்டு நேரம் தவறாதவர். நானும் அம்மாவும் பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் கைக்குத் துணியால் தொட்டில் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார்.

முதலில் இன்ஸ்பெக்டர் வந்தார். தாம் ஆளைச் சுடச் சொல்லவில்லை, ஆகாயத்தை நோக்கித்தான் சுடச் சொன்னதாகச் சொன்னார். அடுத்து வந்த கான்ஸ்டபிள், தாம் ஆகாயத்தை நோக்கித்தான் சுட்டதாகச் சொன்னார். எங்கள் வக்கீல் எழுந்து, அப்படியானால் எதிரி ஆகாயத்திலிருந்தா பாய்ந்து வந்தார் என்று கேட்டார். அந்தக் கேள்வி விசாரணையின் கண்ணியத்துக்குப் பொருந்தாது என்று அதிகாரி அதை அனுமதிக்கவில்லை.

அடுத்து ஆயுதம். தொண்டிப் பொருள் என்று ஒரு சாக்கைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து அவிழ்த்தார்கள். உள்ளே நீளமாக, கறுத்து, முறுக்கிக் காய்ந்த ஒரு தடி. ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து, பக்கமெல்லாம் முண்டும் முடிச்சுமாக. ஓங்கி அடித்தால் மண்டை நிச்சயம் பிளக்கும் என்று நம்பும்படி இருந்தது. அண்ணன் அதை உற்றுப் பார்த்தார். அவர் முகத்தில் அதுவரை பார்க்காத ஒரு துக்கம் வந்தது. திரும்பி என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

“எனக்க குலையாக்கும்.”

அதேதான். ஏலத்தில் பிடித்த ஏத்தன் குலை. தொண்டியாகக் கைப்பற்றப்பட்டு, ஸ்டேஷனில் பத்திரமாகத் தொங்கவிடப்பட்டு, நாளொரு சீப்பாகப் பழுத்துக் காணாமல் போய், மிஞ்சிய குலைக்காம்பு காய்ந்து ஆயுதமாகியிருந்தது. கடவுளுக்குப் படைத்ததை ஏலத்தில் எடுத்தது அண்ணன், தின்றது போலீஸ். காம்பால் அடிக்க வந்ததாக வழக்கு. வக்கீல் இதை எடுத்துச் சொன்னபோது, இது வாழைக்குலையின் காம்பாக இருக்கலாம், ஆனால் குலை இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்று அரசாங்க வக்கீல் கேட்டார். பங்களாவில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர்களில் ஒருவர் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

கடைசியில் சட்டை வந்தது. மடிப்புக் கலையாமல், கஞ்சி விறைப்போடு. எங்கள் வக்கீல் அதைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்திவிட்டார். அம்மா செய்துவைத்ததை நான் முன்பே ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தேன். இவ்வளவு நன்றாகச் செய்திருப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சட்டையை விரித்தார். முன்னால் பார்த்தார். பின்னால் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஓட்ட எவிடெ?” என்று மலையாளத்தில் கேட்டார்.

ஓட்டையை அடைத்துத் தைத்திருக்கிறது என்றார் எங்கள் வக்கீல், எந்த இடத்தில் என்று ஒருவராலும் காட்ட முடியவில்லை. அரசாங்க வக்கீலுக்கு அன்று நல்ல நாள். இந்தச் சட்டை சுடப்படவே இல்லை, தாம் போட்டிருக்கும் சட்டைகூட இவ்வளவு சுத்தமில்லை என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனுடைய காது சிவந்துபோயிருந்தது. அவர் ஜெயிலுக்குப் போவது அந்தச் சிரிப்பில் முடிவாகிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

அம்மா எழுந்தாள். யாரும் கூப்பிடவில்லை. நேரே மேசைக்குப் போய்க் கையை நீட்டினாள்.

“அங்ஙன பாத்தா தெரியாது சாறே. இஞ்ச தாருங்க.”

அதிகாரி திகைத்துப்போய்க் கொடுத்துவிட்டார். அம்மா சட்டையின் முதுகில் விரலை மெதுவாக ஓட்டினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. எங்கள் சபைப் பெண்களின் பைபிள் பையில் பைபிளோடு ஊசியும் ஒரு குட்டிக் கத்தரியும் எப்போதும் உண்டு. கத்தரியை எடுத்து முடிச்சை வெட்டி, ஊசி முனையால் நூலைக் கிளப்பி, இழை இழையாக உருவ ஆரம்பித்தாள். உருவிய நூலை இடது சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டே வந்தாள்.  என் அம்மா செய்த வேலையை அவளே பிரிப்பதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கை அதன் வேலையைச் செய்தது. கண் மட்டும் நிறைந்து வழிந்தது. கடைசி இழை வந்ததும் சட்டையைத் தூக்கிப் பிடித்தாள். முதுகில், தோளுக்குக் கீழே, வட்டமாக ஒரு துளை. அதன் வழியாக ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது. முன்பக்கம் ஒன்றுமே இல்லை.

வென்றுவிட்டோம் என்று நினைத்தேன். அண்ணனும் அப்படி நினைத்ததை அவர் நின்ற நிலையில் கண்டேன்.

அரசாங்க வக்கீல் நிதானமாக எழுந்தார். நம் எல்லோருடைய கண் முன்னாலும் இந்த அம்மா கத்தரிக்கோலால் சட்டையின் முதுகில் ஒரு துளை போட்டிருக்கிறார், இது பதிவாகட்டும் என்றார். எங்கள் வக்கீல் கத்திய கத்தல் பங்களாவுக்கு வெளியேவரை கேட்டது. அதுவும் பதிவானது, மரியாதைக் குறைவு என்று. பிறகு சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

அறிக்கை வந்தபோது வக்கீல் வீட்டுக்கே கொண்டுவந்து எங்களுக்குப் படித்துக் காட்டினார். கூட்டம் கலைக்கப்பட நேர்ந்தது. துப்பாக்கி பிரயோகிக்கப்பட்டது. ஒருவருக்குக் காயம் ஏற்பட்டது. யார் கலைத்தார், யார் சுடச் சொன்னார், யார் சுட்டார் என்பது எங்கேயும் இல்லை. எல்லாம் மழை பெய்வது மாதிரி தானாகவே நடந்திருந்தது. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் வக்கீல் கொஞ்சம் தயங்கினார். சட்டையின் முதுகில் காணப்படும் துளை, காயமடைந்தவரின் தாயாரால், விசாரணை அதிகாரியின் முன்னிலையில், கத்தரிக்கோல் கொண்டு உண்டாக்கப்பட்டது. இன்ன ஆள் இன்ன காரியத்தைச் செய்தார் என்று அந்த அறிக்கை குறித்துச் சொல்லியிருந்தது அந்த ஓர் இடத்தில்தான்.

அண்ணன் ஜெயிலுக்குப் போனார். இன்ஸ்பெக்டருக்குப் பதவி உயர்ந்தது. அண்ணன் உள்ளே இருக்கும்போதே எல்லையையும் போட்டார்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், எங்களுக்குத் தெற்கே கல் நட்டார்கள். கல்லுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், குண்டடி பட்டவர்கள் தியாகிகள் ஆனார்கள். மாலை போட்டு மேடையில் உட்காரவைத்தார்கள். இந்தப் பக்கம் குண்டடி பட்ட அண்ணன் குற்றவாளியாகவே இருந்தார். மரச்சீனி விளையில் அவர் இன்னும் கொஞ்சம் வேகமாக, தெற்கு நோக்கி ஓடியிருந்தால் தியாகியாகியிருப்பார் என்று நான் ஒருநாள் ஆத்திரத்தில் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

அண்ணன் திரும்பி வந்தபோது பாதி ஆளாகியிருந்தார். வலது கை தோளுக்குமேல் எழும்பவில்லை. தராசு பிடிக்க முடியாததால் கொப்பரைக் கடையில் கணக்குப் பக்கம் உட்காரவைத்தார்கள். குரல் மட்டும் அப்படியே இருந்தது. கோர்ட்டிலிருந்து சட்டையைத் திரும்ப வாங்க அம்மா விடாமல் நடந்தாள். அந்த நைந்த துணி எதற்கு என்று அங்கே கேட்டார்கள். எனக்க மவனுக்கு ஞாயித்துக்கிழம போட என்றாளாம்.

அப்படியே செய்தாள். துவைத்து, நீலம் முக்கி, கஞ்சி போட்டு, தேய்த்து, துளையை அப்படியே விட்டு, அண்ணனுக்குப் போட்டுவிட்டாள். சர்ச்சில் ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சில் போய் உட்காரச் சொன்னாள். ஏன் என்று கேட்கிற பழக்கம் அண்ணனுக்கு இல்லை. போய் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் முழுச் சபையும். எழுந்து நிற்கும்போதெல்லாம் அந்த வெள்ளைச் சட்டையின் முதுகில் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் பாடவேண்டும். ஊரே மறந்துவிட விரும்பிய சமாசாரம் அது. புது அரசாங்கத்தில் உத்தியோகம் பார்க்கிறவர்கள் சபையில் நிறைய இருந்தார்கள். அவர்கள் பாட்டுப் புத்தகத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறும் அதே சட்டை. அதற்கடுத்த ஞாயிறும். கடைசியில் சபையின் போதகரான ஐயர், ஆராதனை முடிந்து அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பக்குவமாகக் கேட்டார். உங்களுடைய கைக்கு இது ஒரு வேலையா, அதைக் கொஞ்சம் தைத்துவிடக் கூடாதா என்று. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அம்மா பைபிள் பையைத் திறந்து, ஒரு சின்னக் காகிதச் சுருளை எடுத்துக் காட்டினாள். முசாவரி பங்களாவில் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டு வந்த அந்த நூல்.

“நான் ஒருதடவ தச்சுப் பாத்தாச்சு ஐயரே. இனி பொத்தல் போட்டவன் வந்து தைக்கட்டு. நூலுக்கு அவன் அலையாண்டாம், எடுத்து வச்சிருக்கேன்.”

அது நடந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. அம்மா காலமானாள், அண்ணனும் போய்ச் சேர்ந்தார். பைபிள் பை என்னிடம் வந்தது. நூலைச் சுற்றியிருந்த காகிதம் மட்டும் மக்கிப்போனதால் வேறு மாற்றியிருக்கிறேன். இதுவரை ஒருவரும் வரவில்லை.